பையன் சௌக்கியம்

திபெத்தில் 1989-இல் பிறந்த கெதுன் சோக்கி நியிமாவை 1995 மே 14 அன்று திபெத்திய பௌத்தத்தின் இரண்டாவது பெரிய குருவான பஞ்சென் லாமாவின் மறுபிறவி என்று தலாய் லாமா அறிவித்தார். மூன்றே நாளில் சீன அதிகாரிகள் பையனையும் பெற்றோரையும் கொண்டுபோய்விட்டார்கள். அப்போது வயது ஆறு. கடவுளே இல்லை என்கிற கட்சி, அதே நவம்பரில் தங்கக் கலசத்தில் சீட்டுப் போட்டு வேறொரு மறுபிறவியைக் கண்டெடுத்தது. பக்திக்குக் குறைவில்லை.

அன்றிலிருந்து தூதரகங்கள் கேட்கின்றன, பெய்ஜிங் பதில் சொல்கிறது. 1996-இல் ஐ.நா. குழு கேட்டபோது, பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அரசுப் பாதுகாப்பில் இருக்கிறான் என்றார்கள். பிறகு, சாதாரணப் பையன், பள்ளிக்கூடம் போகிறான் என்றார்கள். 2020-இல் வெளியுறவுப் பேச்சாளர் கல்லூரிப் படிப்பு முடிந்துவிட்டது, வேலையிலும் இருக்கிறார், அவரும் குடும்பத்தாரும் தொந்தரவை விரும்பவில்லை என்று முடித்துக்கொண்டார்.

பட்டப்படிப்பு, உத்தியோகம், அடக்கமான குடும்பம்: அப்படியே வரன் விவரம்தான். ஆனால் நம்மூர்க் கல்யாணத் தரகர்கூடப் பையில் ஒரு போட்டோ வைத்திருப்பார். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டால் வாய் திறப்பார். தூதர்களோ "கவலை"யிலிருந்து "ஆழ்ந்த கவலை"க்குப் பதவி உயர்வு பெற்று, அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கூட்டத்தில் வர்த்தகமும் பேச வேண்டுமே!

வெளியுலகம் பார்த்திருப்பது இன்றும் பையனின் சிறுவயதுப் படம் ஒன்றைத்தான்.