கிரைண்டர் சுற்றாமை: செண்டாயான் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இணைய ஏலத்தில் எடுத்த பொருள் பழுதாக வந்து சேர்ந்தால் வழக்கு எங்கே தொடங்குகிறது? வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் இடையே என்பது சட்டம் படித்தவர்களின் கொள்கை. மலேசியாவின் செண்டாயானில் நடத்திய கள ஆய்வு அதை மறுக்கிறது. வழக்கு அடுக்களையில், வாங்கியவனுக்கும் அவன் மனைவிக்கும் இடையே தொடங்குகிறது. விற்றவர் வெகுநாள் கழித்தே அதில் சேர்க்கப்படுகிறார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சான்று ஒரே ஒரு கிரைண்டர். அது போதாது என்பவர்கள் 187 வெள்ளி கொடுத்து இன்னொன்று வாங்கிப் பார்க்கலாம்.

முதலில் சொல்லாராய்ச்சி. 'ஏலம்' தமிழுக்குப் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மலாயில் வழங்கும் 'லெலோங்'கும் அதே வயிற்றுப் பிள்ளைதான். ஆனால் மலாய்ப் பிள்ளை பசார் மாலாமில் வளர்ந்து பழக்கம் கெட்டுவிட்டது. அங்கே பனியன் விற்பவர் "லெலோங்! லெலோங்!" என்று தொண்டை கிழியக் கத்தும்போது யாரும் விலையை ஏற்றிக் கேட்பதில்லை. மலிவு, அள்ளிக்கொண்டு போ என்பதே அங்கு பொருள். ஆகவே இந்நாட்டுத் தமிழன் கைபேசியில் ஏலம் என்று படித்தாலும் அவன் காதில் மலிவு என்றே விழுகிறது. 60 வெள்ளிக்குக் கேட்கத் தொடங்கிய இவ்வாய்வாளன் 187-இல் போய் நின்றதற்கு மொழியியல் காரணம் இது. இன்னொரு காரணமும் உண்டு. கடைசி முப்பது நொடியில் முகம் தெரியாத ஒருவர் ஐந்தைந்து வெள்ளியாக ஏற்றிக்கொண்டே போனார். அவரைத் தோற்கடிப்பது கோயம்புத்தூர்க் கிரைண்டரைவிட அவசியமாகிவிட்டது.

செண்டாயான் தோட்டத்துக்கு ஏலம் புதிதல்ல. கித்தாக் காடு போய், செம்பனை போய், இப்போது வரிசை வீடுகளும் விமானப்படைத் தளமும் நிற்கும் இதே மண்ணில் பணத்தையே ஏலம் விட்டவர்கள் நம் பாட்டிமார். கூட்டு போட்டு, மாதாமாதம் யார் அதிகம் தள்ளிக் கேட்கிறார்களோ அவர்களுக்குத் தொகையைக் கொடுத்தார்கள். அதில் அவ்வப்போது பழுதாவது கூட்டுத் தலைவர்தான்; ஒரு விடிகாலையில் அவர் லயத்து வீடு காலியாக இருக்கும். 1971-இல் அரசாங்கம் கூட்டு நடத்துவதைத் தடை செய்தபோது சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாட்டின் சட்ட நூலுக்குத் தோட்டத்துத் தமிழ் வழங்கிய கொடை ஒரு தடைச் சட்டமாக அமைந்தது நம் ராசி.

கோயில் ஏலத்தை இதோடு ஒப்பிட வேண்டும். அம்மன் சேலை, எலுமிச்சம்பழம், குடம் என்று திருவிழாவில் ஏலம் போகும். இதில் தாயகத்துச் சான்று வலுவானது. விழுப்புரம் மாவட்டத்து முருகன் கோயில் ஒன்றில் வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழங்கள் 2024 பங்குனி உத்திரத்தில் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. அவற்றில் ஒரு பழம் வண்டு துளைத்ததாக இருந்தது, காசைத் திருப்பிக் கொடு என்று யாரும் தீர்ப்பாயம் போனதாகத் தகவல் இல்லை.

இங்கே ஓர் அயல்நாட்டு அறிஞரை நிறுத்தி விசாரிப்பது அவசியம். ஜார்ஜ் அகர்லோஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் எழுதிய கட்டுரைக்கு 'எலுமிச்சைகளின் சந்தை' என்று தலைப்பு வைத்தார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்றால் வெளியே பளபளத்து உள்ளே பழுதான சாமான், குறிப்பாகப் பழைய கார். பழுதை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார், ஆகவே வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைத்தே விலை கேட்பார், நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கட்டாது என்று சந்தையை விட்டுப் போய்விடுவார், மிஞ்சுவது எலுமிச்சையே. மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகே அந்தக் கட்டுரை அச்சேறியது. 2001-இல் அவர் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மேதைதான். இருந்தாலும் எலுமிச்சையே உச்ச விலைக்குப் போகும் சந்தை ஒன்று உண்டு என்பதை அவர் கவனிக்கவில்லை. பங்குனி மாதத்தில் விழுப்புரம் பக்கம் வந்திருக்க வேண்டும்.

அகர்லோஃபை ஒமிடியாரும் ஓரளவு மறுக்கிறார். பியர் ஒமிடியார் 1995 செப்டம்பரில் தொடங்கி, பின்னாளில் ஈபே ஆகிய ஏலத் தளத்தில் முதலில் விற்றது உடைந்துபோன லேசர் சுட்டி. 14 டாலர் 83 காசுக்குப் போனது. அது உடைந்தது என்று தெரியுமா என்று எடுத்தவரைக் கேட்டாராம். உடைந்த லேசர் சுட்டிகளைச் சேர்ப்பதே என் வழக்கம் என்றாராம் அவர். பழுதை முன்கூட்டியே சொல்லி விற்றால் வழக்கே இல்லை. மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: குறையை வாங்குபவர் கவனத்துக்குக் கொண்டுவந்து விற்றிருந்தால், அந்தக் குறையைக் காட்டிப் பின்னால் தரம் பற்றிப் பேச முடியாது.

இனி மையக் கருதுகோள். கடையில் வாங்கியவன் பழுதைக் கண்டவுடன் கத்துகிறான். ஏலத்தில் எடுத்தவன் கத்துவதில்லை. காரணம், அவன் வாங்கவில்லை, வென்றிருக்கிறான். வென்றவன் எப்படிப் புகார் செய்வான்? 1971-இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர், எண்ணெய் நிலங்களை ஏலத்தில் வென்றவர்கள் அதிக விலை கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்ததை ஆராய்ந்து எழுதினார்கள். 'வென்றவரின் சாபம்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. வென்றவர்களின் மனைவிமாரின் பங்களிப்பை அந்தக் கட்டுரை ஆராயவில்லை.

கிரைண்டர் வந்த அன்று மோட்டார் உறுமியது, டிரம் அசையவில்லை. முதல் இரண்டு வாரம் பிளக்கின் மேல் பழி விழுந்தது. இந்தியாவின் உருண்டைக் கம்பிப் பிளக் நம் சதுரக் கம்பிப் பொந்தில் ஒழுங்காக உட்காரவில்லை என்று விளக்கி 9 வெள்ளிக்கு அடாப்டர் வாங்கப்பட்டது. அடுத்து மின்னழுத்தம். அதற்கடுத்து, புதுக் கல் பழக வேண்டும் என்ற கோட்பாடு முன்வைக்கப்பட்டது. தீபாவளிக்கு உளுந்து ஊறிக்கொண்டிருந்தபோது, "என்னங்க, கல்லு எப்பங்க பழகும்?" என்று கேட்கப்பட்டது. அன்றோடு கோட்பாடு காலாவதி ஆனது. உளுந்து பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் அரைபட்டது. பொருள் வந்து சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

சட்டம் இந்த மனநிலையை நன்கு அறிந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு, சுத்தியல் விழும்வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம் என்கிறது. இணையத்தில் சுத்தியல் எங்கே? கட்டைவிரல்தான் விழுகிறது, அதுவும் நள்ளிரவில். விழுந்த பிறகு கைகொடுப்பது 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'பழுதானால் பொறுப்பில்லை' என்று விற்பவர் எழுதிவைத்தாலும் செல்லாது. ஒரே ஒரு நிபந்தனை, விற்றவர் வியாபாரமாக விற்றிருக்க வேண்டும். வீட்டில் கிடந்த பழசை ஒருவர் தள்ளிவிட்டால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. நம்மவர் மாதம் பத்துக் கிரைண்டர் தள்ளுகிறவர். அவரை இழுக்க வேண்டிய இடம் பயனீட்டாளர் தீர்ப்பாயம். கட்டணம் 5 வெள்ளி, அதாவது அடாப்டரைவிட மலிவு. 2019-க்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. தீர்ப்பைப் பதினான்கு நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம். ஒரு கிரைண்டர் ஓடுகிறதா என்று பார்க்க மூன்று ஆண்டு எதற்கு என்று தோன்றலாம். ஓடவில்லை என்று வீட்டில் ஒப்புக்கொள்ளத்தான். இதைவிடக் கருணையான பிரிவு வேறு சட்டங்களில் இருப்பதாகத் தெரியவில்லை.

தீர்ப்பாயத்தின் 'போராங் 1' பாரத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் ஆய்வு திசை மாறியது. எதிர்த்தரப்பின் பெயர், முகவரி என்று கட்டம் கட்டிக் கேட்கிறது. கையில் இருந்ததோ 168 என்று முடியும் ஒரு புனைபெயர். இணையத்தில் விற்கும் வியாபாரி தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம் எல்லாம் காட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூலை முதல் நடப்பில் உண்டு. அவர் காட்டியது ஒரு சிங்கத்தின் படம். தோட்டத்திலும் புனைபெயர் இருந்தது. பிரட்டுக்களத்தில் போய் 'சைக்கிள்' எங்கே என்றோ, 'கட்டை மண்டோர்' எங்கே என்றோ கேட்டால் வீட்டு வாசல்வரை கூட்டிப்போய் விடுவார்கள். பட்டப்பெயர் அங்கே முகவரி. இங்கே அதுவே முகமூடி.

பெயர் இருந்த ஒரே இடம் பெட்டியில் ஒட்டிய அனுப்புநர் சீட்டு. பெட்டியோ அதற்குள் பின்புறத்துக் கோழிக்கூட்டுக்குத் தரைவிரிப்பு ஆகியிருந்தது. முறையான அகழாய்வில் சீட்டு கிடைத்தது. தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தைக் கோழி கொத்தியிருந்ததால் பத்து எண்களை ஒவ்வொன்றாக முயலத் தொடங்க வேண்டியிருந்தது. ஏழாவதில் ஆள் அகப்பட்டார்.

அதுவரை அவர் சொல்லிவந்தது ஒன்றே: "அண்ணே, ஓட்டிப் பாத்துட்டுதான் அனுப்புனேன்." நிரப்பிய பாரத்தைப் படம் பிடித்து அனுப்பினதும் பதினோரு நிமிடத்தில் தொனி மாறியது. "அண்ணே, டென்ஷன் ஆவாதீங்க. காசப் போட்டு விட்டுர்றேன். கிரைண்டர நீங்களே வச்சிக்கிங்க, திருப்பி அனுப்புற செலவு அதுக்கு மேல." அன்றிரவே 187 வெள்ளி கணக்கில் ஏறியது. பாரம் மேசையிலேயே தங்கிவிட்டது. தீர்ப்பாயத்துக்காகச் சிரம்பானுக்குப் போகும் பேருந்துக் கட்டணமும் மிச்சம்.

ஆய்வு இங்கே முடிந்திருக்க வேண்டும். மறுவாரம் மோட்டார் சைக்கிள் பார்க்க வந்த போமன், மூலையில் கிடந்த கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தார். வழியில் குலுங்கியதில் பெல்ட் கழன்று விழுந்திருந்தது. விரலால் தூக்கி மாட்டினார். காசு வாங்கவில்லை. கிரைண்டர் அன்று முதல் சுற்றுகிறது. மாவு பூப்போல வருகிறது.

"அப்ப அந்தப் பையன் சொன்னது மெய்தானே? காசத் திருப்பிப் போடுங்க" என்றது அடுக்களை.

அதற்கு விற்றவருக்குப் போன் செய்து, பழுது கிரைண்டரில் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டு அவகாசம் இந்தப் பக்கத்துக்கும் பொருந்தும் என்பது இவ்வாய்வாளனின் சட்ட வியாக்கியானம். இதை எழுதும்போது இன்னும் இரண்டு ஆண்டு ஏழு மாதம் பாக்கி இருக்கிறது.