கூடு விட்டுக் கூடு பாயும் கம்ப்யூட்டர்

சர்வீஸுக்கு வந்த பையன் வாய்தவறி, "ஒரு ஃபார்மட் போட்டுடலாமா சார்?" என்று கேட்டுவிட்டால் போதும், இவர் முகம் மாறிவிடும். "தம்பி, காபி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்பார்.

அபார்ட்மென்ட்டுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வுபெற்றவர். மதர்போர்டை மாற்றுவார், பிராசஸரை மாற்றுவார், ரேமை மாற்றுவார். விண்டோஸை மட்டும் புதிதாகப் போடமாட்டார். 2010-இல் போட்ட விண்டோஸ் 7 அது. கடையில் காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கினார். அந்தக் காலத்தில் அவர் தெருவில் அப்படிச் செய்த ஒரே ஆள் என்பதால், அட்டைப்பெட்டி இன்னமும் பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015-இல் விண்டோஸ் 10 இலவசமாக வந்தபோது அதன் மேலேயே ஏற்றிக்கொண்டார்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த சி டிரைவில்? நியூ ஃபோல்டர், அதற்குள் நியூ ஃபோல்டர் டூ, அதற்குள் ஸ்கேன் செய்த கேஸ் ரசீது. எதற்கென்று அவருக்கே மறந்துபோன மூன்று பிரிண்டர்களின் டிரைவர்கள். மகள் கல்யாணத்துக்குப் பேஜ்மேக்கரில் தானே உட்கார்ந்து அடித்த பத்திரிகை. பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'நிகழும் மங்களகரமான' என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும்.

"அந்த ஃபான்ட் ஃபைலை மட்டும் காப்பி பண்ணி வெச்சுக்கலாமேப்பா" என்பான் பெங்களூரில் இருக்கும் மகன்.

"எல்லாம் வெச்ச இடத்துல இருக்கணும்டா."

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விண்டோஸைப் புதிதாகப் போட ஒரு மணி நேரம் போதும். அதற்கப்புறம் "அது எங்கே, இது எங்கே" என்று ஆறு மாதம் தேடுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தப் பிடிவாதம் எக்ஸ்பி காலத்தில் தொற்றியது. ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் டிரைவர் பழைய போர்டின் சிப்செட்டுக்கானது. போர்டை மாற்றினால், தான் எந்த டிஸ்க்கிலிருந்து எழுந்ததோ அந்த டிஸ்க்கையே காணோம் என்று விண்டோஸ் கைவிரித்து நீலத்திரையைக் காட்டும். அந்தப் பிழைக்கு எண் 7பி. பேரன் பிறந்தநாளை மறந்தாலும் இவர் இந்த எண்ணை மறக்கமாட்டார். அதைத் தாண்டினால் ஆக்டிவேஷன். மைக்ரோசாஃப்ட்டுக்குப் போன் போட்டு 50 இலக்கங்களைச் சொல்லி, பதிலுக்கு அவர்கள் சொல்லும் 42 இலக்கங்களைப் பிழையில்லாமல் அடிக்க வேண்டியிருந்தது. நம்மவர் வங்கியில் இருந்தவர்; அவருக்கு இதெல்லாம் சிரமமா? அதைப் பற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரலில் ஒரு ஏக்கம் தெரியும்.

இப்போதைய படலத்துக்குக் காரணம் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததுதான். விண்டோஸ் 11 அவருடைய நாலாம் தலைமுறை பிராசஸரை ஏறெடுத்தும் பார்க்காது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். போர்டும் பிராசஸரும் மட்டும் மாற்றினால் போதும், 12,000 ரூபாய் என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்கினார். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கடைக்காரர் பழைய ரேமை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது டிடிஆர் 3 சார், நாட்ச்சே வேற இடத்துல இருக்கு, இதுல உக்காராது" என்றார். சரி, ரேமும். "எஸ்எம்பிஎஸ் எத்தனை வருஷம் ஓடுது?" சரி, அதுவும். ஆட்டோ ஏறும்போது கணக்கு 26,000. பழையதில் மிஞ்சியது கேபினெட், எஸ்எஸ்டி, அதற்குள் இருக்கும் அந்த விண்டோஸ்.

முதல் நாள் இரவே முன்னேற்பாடு நடந்தது. டிஸ்க் முழுவதற்கும் ஒரு பேக்கப். அந்த பேக்கப்புக்கு ஒரு பேக்கப். பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் பிரித்தது, புது போர்டோ ஜிபிடி கேட்கும். டேட்டா அழியாமல் அதை மாற்றித் தர 2017-இல் மைக்ரோசாஃப்ட்டே ஒரு கருவி கொடுத்திருக்கிறது. அதை ஓட்டி முடித்து, நெற்றியில் விபூதியோடு தூங்கப் போனார்.

மறுநாள் ஹாலில் செய்தித்தாள் விரித்துக் கடை பரப்பினார். பிராசஸரை வைத்து லீவரை அழுத்தும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடித்தான் அழுத்துவார். பெரிய ஒயர்கள் எல்லாம் தப்பாகச் செருகவே முடியாதபடி செய்தவை. இவரை அழ வைப்பது கேபினெட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் அந்த நூலளவு ஒயர்தான். போர்டின் மூலையில் ஒன்பது ஊசிகள்; எதில் பவர், எதில் ரீசெட், எதில் எல்இடி என்பதை எறும்பு சைஸ் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். வாயில் டார்ச், கையில் பூதக்கண்ணாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. "ஏங்க, சாப்பாடு ஆறுது" என்றால், டார்ச்சைக் கவ்விய வாயால் ஏதோ சொல்வார். அது என்ன என்று தெரியாமல் இருப்பதே நல்லது.

ஸ்விட்சைப் போட்டார். சுற்றியது. 'சாதனங்கள் தயாராகின்றன' என்ற பொருளில் ஒரு வரி, பக்கத்தில் சதவீதம். விண்டோஸ் 10 எக்ஸ்பி மாதிரி முரடு இல்லை. பொதுவான டிரைவர்களைக் கூடவே வைத்திருப்பதால் பெரும்பாலும் எழுந்துவிடும். எழுந்தது. ஆனால் இன்டர்நெட் இல்லை. லேன் போர்ட்டுக்கு டிரைவர் வேண்டும்; டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் கற்றுக்குட்டிகள் தோற்பார்கள். இவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, "உன் போனைக் கொஞ்சம் குடு" என்றார். யுஎஸ்பி ஒயரில் அந்த அம்மாளின் டேட்டா இறங்கி டிரைவராக மாறியது. அன்றைய சீரியல் போனது போனதுதான்.

கடைசிக் கண்டம் ஆக்டிவேஷன். திருமூலர் கதையில் மாடு மேய்க்கும் மூலன் இறந்துபோக, யோகி அந்த உடம்பில் புகுந்துகொள்வார். மாடுகள் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடும்; மூலனின் மனைவிக்குத்தான் இவரிடம் ஏதோ சரியில்லை என்று சந்தேகம் வரும். இங்கேயும் பிரிண்டர், ஸ்கேனர், மவுஸ் எல்லாம் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டன. மைக்ரோசாஃப்ட் மட்டும் திரையின் வலது மூலையில், ஆக்டிவேட் செய்யுங்கள் என்று சந்தேகத்தோடு எழுதிவைத்தது. லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைக்கும் வசதி 2016 ஆகஸ்ட் பதிப்பிலேயே வந்துவிட்டது, இவரும் இணைத்திருந்தார். செட்டிங்ஸில் போய், அண்மையில் ஹார்டுவேரை மாற்றினேன் என்று ஒப்புதல் கொடுத்து, பட்டியலில் பழைய கம்ப்யூட்டரைக் காட்டிக்கொடுத்ததும் எழுத்து மறைந்தது. ஒரு இலக்கம்கூடப் போனில் சொல்லவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இரவு பத்து மணிக்கு விண்டோஸ் 11-உம் மேலே ஏறி உட்கார்ந்தது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்திருந்தது. முதல் காரியமாக அதை இடது மூலைக்குத் தள்ளினார். ஐகான்கள் வைத்த இடத்தில் இருந்தன. கல்யாணப் பத்திரிகையைத் திறந்து, மங்களகரமான மங்களகரமாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த அம்மாள் திரையை மேலும் கீழும் பார்த்தார். "26,000 குடுத்து என்னங்க மாத்துனீங்க? அப்படியேதானே இருக்கு?"

"அப்படியே இருக்குல்ல?" என்றார் இவர், பரவசமாக. உடனே மச்சினருக்குப் போன் போட்டார். "மாப்ள, உங்க அக்காவே சொல்லிட்டா!"