மாபிள் வீட்டு மருமோனுக்கு

மோனை, வீடு வடிவாய்த்தான் இருக்கு. கொண்ணன் அனுப்பின கனடாக் காசு காலிலை மிதிபடுறதைப் பாக்க எனக்கும் புளுகம்தான். ஆனா உந்த மாபிளை, அதுதான் நாங்கள் மாபிள் எண்டு சொல்லுற ரைல்ஸைக், கழுவுறதெண்டு நீ ஆடுற கூத்து இருக்கே, மதிலுக்கு மேலாலை பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

வாளி வாளியாய்த் தண்ணியை ஊத்திப்போட்டு, காயட்டும் எண்டு ஃபானைப் போட்டிட்டுப் போறாய். பிறகு வெள்ளை படருதெண்டு மாபிள் வித்தவனைத் திட்டுறாய். எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளாலை ஊறி வாறது. கேத்திலுக்குள்ளை படியிறதுதான் நிலத்திலையும் படியுது. இந்தக் கல்லை நம்பித்தான் 1950இலை காங்கேசன்துறையிலை சீமெந்து ஆலையே தொடங்கினவை. நீ அதைத் தண்ணியோடை அள்ளி அறைக்குள்ளை ஊத்திப்போட்டு முழிக்கிறாய்!

சீலையை நல்லாய்ப் பிழிஞ்சு துடை. கையோடை காய்ஞ்ச சீலையாலை ஒருக்கால் ஒத்தி எடு. படிஞ்சதுக்கு வினாகிரியிலை தண்ணி கலந்து துடைச்சு, உடனை அலசிப்போடு. ஊறவிட்டிட்டு நாடகம் பாக்கப் போகாதை.

அசிட்டும் வாங்கி வந்தியாம். புஸ்ஸெண்டு நுரைக்க, ஊத்தை போகுதெண்டு உனக்குச் சந்தோசம். கரையிறது இடுக்கிலை வைச்ச சீமெந்தடா! அது போனா தண்ணி கீழை இறங்கும், மாபிள் கிளம்பும், மேசன் திரும்ப வருவார். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்குத்தானே. ஆனா இது பகிடியில்லை: கிணத்துக்குப் போடுற குளோரின் பவுடரோடை அசிட்டைக் கலந்திடாதை. வாற வாயு நெஞ்சை அடைச்சுப்போடும்.

உன்ரை அம்மம்மா சிவப்புச் சீமெந்து நிலத்துக்குப் பொலிஷ் பூசி, பாதித் தேங்காய் மட்டையிலை ஒரு காலை வைச்சு விறாந்தை முழுக்க இழுத்துத் தேய்ப்பா. முகம் பாக்கலாம். அவவுக்கு இடுப்புப் பிடிக்கேல்லை. உனக்கு மொப்பைத் தொட்டாலே பிடிக்குதாம்.

அதோடை, செம்மண்ணைக் கூட்டாமல் ஈரச் சீலையாலை இழுக்கிறாய். அதுக்குள்ளை கிடக்கிற மணல் மினுக்கத்தை அராவிப்போடும். தும்புத்தடியாலை முதல் கூட்டு. செருப்பை வெளியிலை விடு. முந்தி செம்புத் தண்ணியிலை காலைக் கழுவிப்போட்டுத்தான் நாற்சார் வீட்டுக்குள்ளை ஏறினவை. நீ சப்பாத்தோடை குசினி வரைக்கும் போறாய், துரை.

இதெல்லாம் கரைச்சலெண்டால், முன் வீட்டார் மாதிரிச் செய். மாடி கட்டி, மாபிள் போட்டு, பூட்டிப்போட்டு லண்டனிலை இருக்கினம். ஒரு கீறல் இல்லை. வௌவால் எச்சம் மட்டும்தான் கொஞ்சம்.