கைக்காசு போடாத காணிக்காரன்

காணி, வீடு என்று முதல் போட ஆசைப்படும் தம்பிமாருக்கு ஒரு நற்செய்தி. கையில் ஐந்து சதம் இல்லையே என்று கல்முனை பஸ் நிலையத்தில் நின்று பெருமூச்சு விடத் தேவையில்லை. ஊர் உலகத்தில் உங்கள் வயதுக்காரர்கள் முற்பணம் சேர்ப்பதற்காக வருடக்கணக்கில் வாடகை அறையில் கிடக்கிறார்கள். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கலியாணக் காவின் எழுதினால் வீடு வரும். காணி பார்ப்பவர், கல் அரிபவர், மேசன்பாஸுக்குப் பின்னால் அலைபவர் எல்லாம் மாமனார். மாப்பிள்ளையின் பங்குக்கு ஒரு கேள்வி மட்டும் உண்டு: “தட்டு வீடா, ஓட்டு வீடா?”

இந்தக் கரையில் காணி எங்கே இருக்கிறது? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒடுங்கிய ஒரு மணல் துண்டு. அதில்தான் மூத்த மகளுக்கு உம்மாவின் வீடு, இளையவளுக்கு வளவின் பாதி, பெற்றவர்களுக்குக் குசினிப் பக்கம் ஒரு பத்தி. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. சாய்ந்தமருதில் ஆறு பேர்ச்சஸ் விலைக்கு வருகிறது என்றால் சேவையருக்கு முன்னே புரோக்கர் வந்து நிற்பார். மூன்றாவது மகளும் இருந்தால் வயல்தான். வயலை நிரப்ப அனுமதி வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. சட்டம் கொழும்பில் தூங்கும் நேரம் பார்த்துக் கிறவல் ரக்டர் வரும். மார்கழி மழையில் முற்றத்தில் முழங்கால் வெள்ளம் நின்றால் மாநகர சபையைத் திட்டிக்கொள்ளலாம்.

கடல் பக்கக் கதையும் தெரிந்ததுதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிரைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். அடுத்த வருடம் இதற்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு கோடு கிழித்தது: தெற்கில் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். கடலுக்கும் மாகாண எல்லை தெரியும் போலும்! வீடிழந்த முஸ்லிம்களுக்கென்று அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதிப் பணத்தில் 500 வீடுகள் எழும்பின. வழக்கு வந்தது, தேசிய இன விகிதாசாரப்படி பங்கிடு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அலை வந்தபோது யாரும் விகிதாசாரம் பார்க்கவில்லை. குடிபுக ஆளில்லாமல் ஆண்டுக்கணக்காக அந்த வீடுகளில் காடுதான் வளர்ந்தது. அதை வைத்து எத்தனை தேர்தல் மேடை போட்டார்கள், எத்தனை பேர் மந்திரியானார்கள் என்று நான் எண்ணப் போவதில்லை.

மாமனார் எப்படிக் கட்டுகிறார் என்று மாப்பிள்ளைமார் கேட்பதில்லை. 2021 இல் ஆயிரம் ரூபா சொச்சத்துக்கு விற்ற சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்த வருடமும் இங்கே கலியாணம் நிற்கவில்லை, வீடும் நிற்கவில்லை. தோஹாவிலும் றியாதிலும் வாப்பாவுக்கு இரண்டு வருடம் கூடியது. வாப்பா இல்லாத வீட்டில் உம்மா குவைத்துக்குப் போனா. தங்கச்சிமார் மூன்று பேரையும் கரை சேர்த்துவிட்டுத் தனக்குப் பெண் பார்க்கும்போது காக்காவுக்கு முன்தலையில் முடி இல்லை. அந்தக் காக்காவே தன் பங்குக்குத் தட்டு வீடு கேட்பதுதான் எனக்கு ஆத்திரம்.

நமது பேணுதலையும் சொல்லத்தான் வேண்டும். மாப்பிள்ளையை வீட்டுக்கடன் எடுக்கச் சொன்னால், “வட்டி ஹராம் மச்சான்” என்று வங்கிப் படியில் கால் வைக்க மாட்டார். அல்லாஹ்வுக்குப் பயந்த பிள்ளை! அதே பிள்ளை மஹருக்குச் சில ஆயிரங்களைத் தாளில் எழுதி, கைக்கூலியை உறையில் வாங்கி, வீட்டுத் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும். அங்கே ஹராம், ஹலால் பற்றிப் பேச்சில்லை. பொம்புளையின் வாப்பா அந்தக் காசை எந்த வட்டிக்கு எடுத்தார், எந்த வயலை ஈடு வைத்தார் என்பது அவருக்கும் ரப்புக்கும் இடைப்பட்ட விஷயமாம்.

வீட்டு உறுதி பொம்புளையின் பெயரில்தானே என்பார்கள். நன்கொடை உறுதிதான், விலை உறுதியைவிட முத்திரை வரியும் குறைவு. ஆனால் கடை போட முதல் தேவைப்பட்டால் அந்த உறுதி அலுமாரியிலிருந்து எழும்பி நொத்தாரிசிடம் நடக்கும். கையெழுத்து வைக்கும்போது மட்டும் அவள் சொந்தக்காரி.

பள்ளியில் கைக்கூலிக்கு எதிராகக் குத்பா நடக்காமல் இல்லை. நடக்கிறது, எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது மாப்பிள்ளையின் வாப்பா சொல்வார்: “நாங்க ஒண்டும் கேக்கல்ல. அவங்கட மகளுக்கு அவங்க குடுக்கிறத குடுக்கட்டும்.” சரி ஹாஜியார், நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஏன், போன கிழமை அந்த இரண்டு அறை ஓட்டு வீட்டைப் பார்த்துவிட்டு, வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனீர்கள்?