ஆணி அடிக்கும் யோகம்

அமெரிக்காவில் வீட்டுத் தரைக்கு ஓக் பலகை பதிக்க நினைப்பவருக்கு மரம் தேர்ந்தெடுப்பது சுலபம். ஆணி அடிக்கும் கருவிதான் ஏழரைச் சனி. கை பலத்தில் அடிப்பதா, காற்றழுத்தத்தில் ஓடுவதா? கிளீட் ஆணியா, ஸ்டேப்பிளா? முக்கால் அங்குலப் பலகைக்கு 16 கேஜ் தடிமன் ஆணி போதும் என்பார் ஒருவர். பிரேசில் செர்ரி போன்ற முரட்டு மரமென்றால் மெல்லிய 18 கேஜ் வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு பிளந்துவிடும் என்பார் இன்னொருவர். (பலகையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு. ஆலோசகருடையதற்குச் சேதமில்லை.)

அலசி ஆராய்ந்து விலையுயர்ந்ததை வாங்கினால், சுவரோரக் கடைசி வரிசைகளில் அது நுழையாது. அதற்கு வேறு கருவி, வேறு ஆராய்ச்சி. வாடகைக்கே கிடைக்குமே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கருவி வாங்கத்தானே மனிதர் தரையையே மாற்றுகிறார்!