பரோட்டாவின் அடுக்குகள்

திருவனந்தபுரம் கரமனையில் வரித்துறை மாளிகை இருக்கிறது. அங்குள்ள முன்தீர்ப்பு ஆணையம் ஒருமுறை ஆராய்ந்து சொன்னது: பாக்கெட் மலபார் பரோட்டா, ரொட்டி சாதியில் சேராது, 18 சதவீதம் வரி கட்டு. சப்பாத்திக்கோ அப்போது 5 தான். இரண்டும் கோதுமை வயிற்றுப் பிள்ளைகள். அடுக்கு ஏறினால் வரியும் ஏறும் போலும்!

2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் 5 என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் வரியே இல்லை. இத்தனைக்கும் பரோட்டா மாறவேயில்லை. அதே மைதா, அதே எண்ணெய்.

சிறு வியாபாரிக்குப் புரிந்தது இதுதான்: பரோட்டா வீச ஒரு மாஸ்டர் போதும், விற்க ஆடிட்டரும் வக்கீலும் வேண்டும்.

சால்னாவாவது வம்பில்லாமல் ஊற்றலாமா? இலவசக் குழம்பு தரவில்லை என்ற வழக்கையும் எர்ணாகுளம் நுகர்வோர் ஆணையம் 2025-இல் பார்த்துவிட்டது.