பார்த்துக்கலாம் சார்

இவரைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய இவர் உட்காரும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை. காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறப்பார். ஃபார்ம் 16 மெயிலில்தான் இருக்கிறது. எதற்கும் பரணிலும் ஒரு பார்வை பார்த்துவிடலாமே என்று ஸ்டூல் போட்டு ஏறுவார். ஏறினால் ஃபேன் தூசி கண்ணில் படும். துடைக்க ஈரத்துணி எடுக்கப் போனால் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். மதியத்துக்குள் ஃபேன் பளபளக்கும், குழாய்க்குப் புது வாஷர் ஏறியிருக்கும், பரணிலிருந்து இறங்கிய பழைய மிக்ஸி ஹால் நடுவே அக்கு அக்காகக் கிடக்கும். லேப்டாப் மட்டும் சார்ஜ் தீர்ந்து தூங்கியிருக்கும்.

அந்தக் குழாயைப் பற்றி வீட்டு அம்மணி வருஷக்கணக்கில் சொல்லிப் பார்த்தவர். இப்போது உத்தியை மாற்றிவிட்டார். இவரை ஒட்டடை அடிக்க வைக்க வேண்டுமா? "என்னங்க, அந்த எல்ஐசி பேப்பரை இன்னைக்கு முடிச்சிடுங்க" என்றால் போதும். ஸ்டான்ஃபர்டு தத்துவப் பேராசிரியர் ஜான் பெர்ரி இதே சூட்சுமத்தை 1996-ல் கட்டுரையாக எழுதி, 2011-ல் அதற்காக இக் நோபெல் பரிசும் வாங்கிவிட்டார். அம்மணிக்கு ஒட்டடை இல்லாத வீடுதான் மிச்சம்.

ஆக, வேலைக்கு அஞ்சுகிற ஆள் இல்லை இவர். அந்த ஒரு வேலையைத் தொட்டால் வயிற்றில் ஏதோ பிசைகிறதே, அதற்குத்தான் அஞ்சுகிறார். எங்காவது தப்பாகப் போட்டுவிட்டால்? நோட்டீஸ் வந்தால்? கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் இந்த வியாதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் திமோதி பிச்சில் சொல்வதும் இதுதான்: தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாத கோளாறு இல்லை, மனநிலையைக் கையாளுகிற உபாயம். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற அந்த நொடியில் கிடைக்கிறதே ஒரு நிம்மதி, அதற்கு ஈடாக எந்த மாத்திரையும் கடையில் இல்லை. பலன் உடனே தெரிகிறது, பழக்கம் ஒட்டிக்கொள்கிறது.

நாளைக்கு யார் செய்வார் என்கிறீர்களா? அதற்கு ஒருத்தர் இருக்கிறார். அதிகாலையில் எழுபவர், வாக்கிங் போகிறவர், கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்குகிறவர். இவர் பெயர்தான் அவருக்கும். ஆனால் இருவரும் சந்தித்ததே இல்லை. ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், பலருக்கு எதிர்காலத்தில் இருக்கப்போகும் தங்களைப் பற்றிய நினைப்பு, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிய நினைப்பைப் போலவே பதிவானது. ஊரான் தலையில் வேலையைக் கட்டுவதில் யாருக்குத்தான் கூச்சம்?

கொஞ்சம் கௌரவப் பிரச்சினையும் உண்டு. பதினைந்து நாள் உழைத்துத் தந்த ரிப்போர்ட் சுமாராக இருந்தால் மூளை சுமார் என்றாகிவிடும். முந்தின ராத்திரி எழுதியது சுமாராக இருந்தால், "ஒரே ராத்திரி சார்! டைம் மட்டும் இருந்திருந்தா..." என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அரசாங்கமும் இவர் கட்சிதான் என்பது இவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஆதாரையும் பான் கார்டையும் இணைக்கும் கெடு எத்தனை முறை தள்ளிப்போனது! 2022 மார்ச்சுக்குள் இலவசமாக முடித்திருக்க வேண்டியதை, 2023 ஜூனில் 1,000 ரூபாய் அபராதம் கட்டி முடித்தார். அந்த ஆயிரத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

2025 இவருக்குப் பொற்காலம். வருமான வரிக் கணக்குக்கான ஜூலை 31 கெடு செப்டம்பர் 15-க்குப் போனது. "அவசரப்பட்டு முடிச்சவன் என்னத்தைக் கண்டான்?" என்று ஜூலையிலேயே தாக்கல் செய்த மைத்துனரைக் கேட்டார். செப்டம்பர் 15 ராத்திரி வேறு வழியின்றி உட்கார்ந்தார். நள்ளிரவை ஒட்டி, இன்னும் ஒரு நாள் நீட்டிப்பு என்று செய்தி வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு, அபூர்வமான உறக்கம் உறங்கினார்.

மறுநாள் ராத்திரி ஒருவழியாக வேலை முடிந்தது. அம்மணி எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"அனுப்பியாச்சு. ஈ-வெரிஃபை மட்டும் பாக்கி."

"அதையும் இப்பவே பண்ணிடுங்களேன். ஓடிபி அடிக்கிற வேலைதானே?"

"அட, அதுக்கு முப்பது நாள் டைம் குடுத்திருக்கான்."